கடையாணி முதல் வீல் ஸ்டட் வரை: எத்தனை சுற்று?



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை டீ குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள். காருக்கு அலாய் வீல் மாட்டியிருப்பவர்களும், மாட்டப்போகிறவர்களும் கடைசி வரை கட்டாயம் படிக்க வேண்டும். "டீச்சருக்கு எதுக்கு இந்த நட்டு போல்ட்டு வேலை" என்று சிரிக்காதீர்கள். என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேர் லாரியிலும் பஸ்ஸிலும் ஒர்க்‌ஷாப்பிலும்தான் சோறு சாப்பிடுகிறீர்கள். இதில் உள்ள பல விஷயங்களை நான் உங்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். வரலாற்றுப் பகுதியை மட்டும் நான் சேர்த்திருக்கிறேன்.

சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் ஸ்டட் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். சின்னக் கேள்விதான். ஆனால் நம் குப்பனூர் ரோட்டில் இறங்கும்போது உயிர் இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது.

*மாட்டு வண்டிக் காலம்*

குப்பனூரில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு மாட்டு வண்டியின் உறுப்புகள் எல்லாம் மனப்பாடம். நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால், சுற்றிலும் வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டா. குடத்துக்குள் இருசு நுழைந்து வெளியே எட்டிப் பார்க்கும். அந்த நுனியில் ஒரு துளை. துளையில் ஒரு இரும்பு ஆணி. அதுதான் கடையாணி. அவ்வளவு பெரிய சக்கரத்தை வெளியே ஓடிப்போகாமல் தடுப்பது விரல் அளவு ஆணி ஒன்றுதான்.

உருவத்தைப் பார்த்து யாரையும் இகழக்கூடாது என்பதற்கு வள்ளுவர் எடுத்துக்காட்டிய பொருளும் பெரிய தேரின் அச்சாணிதான். அமைச்சரின் வினைத்திட்பம் பற்றிச் சொல்லும் அதிகாரத்தில் அது வருகிறது. "அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்ற பழமொழியையும் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

கடையாணிக்கும் நீளம் முக்கியம். குட்டையாக இருந்தால் குலுக்கலில் நழுவி விழும். ரொம்ப நீட்டிக்கொண்டிருந்தால் எதிரே வரும் வண்டியிலோ வேலியிலோ இடிபட்டு வளையும். தச்சரும் கொல்லரும் கண்ணாலேயே அளவு பார்த்துச் செய்தார்கள். ஓட்டுகிறவரும் போகிற வழியில் குனிந்து ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். ஆணி வெளியே தெரிந்ததால் அது சரியாக இருக்கிறதா என்பதும் தெரிந்தது. இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

*ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர்*

கார் வந்த புதிதில் சக்கரத்தைக் கழற்றி மாட்டும் பழக்கமே கிடையாது. மர ஆரக்கால் வைத்த சக்கரம் வண்டியோடு நிரந்தரமாக இருக்கும். டயர் பஞ்சர் ஆனால் நடுரோட்டில் உட்கார்ந்து, டயரை நெம்பி எடுத்து, டியூபை ஒட்டி, காற்றடித்துக் கிளம்ப வேண்டும்.

1904-இல் வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதில் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தின் பக்கத்தில் அந்த வளையத்தைக் கவ்விகளால் இறுக்கிக்கொண்டு ஓட்டிப் போகலாம். அவர்கள் கடை இருந்தது ஸ்டெப்னி தெருவில். அதனால் அதற்கு ஸ்டெப்னி வீல் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் நாம் "ஸ்டெப்னி இருக்கா?" என்று கேட்பது அந்தத் தெருவின் பெயரைச் சொல்லித்தான். பிரேசில் நாட்டிலும் உபரிச் சக்கரத்தை எஸ்டெப்பி என்றே சொல்கிறார்கள்.

அதே பத்தாண்டில் சக்கரத்தையே முழுசாகக் கழற்றி மாட்டும் முறைகள் வந்துவிட்டன. ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனம் நடுவில் ஒரே பெரிய நட்டு வைத்த கம்பிச் சக்கரத்தைச் செய்தது. ஜோசப் சாங்கி நிறுவனம் இரும்புத் தகட்டை அழுத்தி உருவாக்கிய சக்கரத்தைக் கொண்டுவந்தது. தகட்டுச் சக்கரம் விலை குறைவு, உறுதி அதிகம். நடுவைச் சுற்றி நான்கைந்து ஸ்டட், ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்டு என்ற ஏற்பாடு உலகம் முழுவதும் நிலைத்தது இப்படித்தான்.

தகடு மெல்லியது. அதனால் குட்டையான ஸ்டட்டே தாராளமாகப் போதும். பல ஆண்டுகள் யாருக்கும் ஸ்டட் நீளம் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

*மரைக்கும் ஒரு சரித்திரம் உண்டு*

புத்தி தடுமாறியவனை நம் ஊரில் "மரை கழண்டவன்" என்பார்கள். அந்த மரைக்குப் பெரிய சரித்திரம் இருக்கிறது.

முன்பெல்லாம் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு பட்டறையின் நட்டு இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. 1841-இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளின் திருகுகளைச் சேகரித்து, சராசரி பார்த்து, எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவை முன்வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி. 1864-இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி என்று வேறொரு அளவைச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் இரு நாட்டு இயந்திரங்களும் ஒரே களத்தில் நின்றபோது, ஒருவர் நட்டு மற்றவர் போல்ட்டில் ஏறாமல் பெரும் தொல்லை. போருக்குப் பின் 1948-இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் கூடி ஒரே மரைக்கு உடன்பட்டன.

நம் நாட்டில் 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. ஆனாலும் பழைய இஞ்ச் வண்டிகள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. பழைய வில்லிஸ் ஜீப்பில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இடது பக்கச் சக்கரங்களின் ஸ்டட்டில் மரை தலைகீழாக ஓடும். சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது நட்டு தளராமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. பழைய லாரிகளிலும் இப்படி உண்டு. தெரியாதவர் கழற்றுவதாக நினைத்துக்கொண்டு இன்னும் இறுக்கி, ஸ்டட்டையே முறித்துவிடுவார்.

தமிழ்நாட்டுக்கும் இதில் நல்ல பங்கு இருக்கிறது. 1912-இல் பஸ் ஓட்டத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் குழுமத்திலிருந்துதான் 1960-இல் சென்னை பாடியில் இரும்புச் சக்கரம் செய்யும் வீல்ஸ் இந்தியா பிறந்தது. 1962-இல் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் தொடங்கி, 1966-இல் அதே பாடியில் உயர்வலிமை போல்ட், நட்டு, ஸ்டட் உற்பத்தி ஆரம்பித்தது. சக்கரமும் அதைப் பிடிக்கும் ஆணியும் ஒரே ஊரில் தயாராயின.

நம் மலையடிவாரத்துக்கும் இதில் சம்பந்தம் உண்டு. ஏற்காட்டுக்குக் கீழே சுண்ணாம்புக் கரடு என்கிறோமே, அங்கே வெட்டுவது மேக்னசைட். எஃகு உருக்கும் உலைக்கு உள்சுவர் கட்டும் வெப்பம் தாங்கும் செங்கல் அதிலிருந்துதான் செய்யப்படுகிறது. எஃகு இல்லாமல் ஸ்டட் ஏது?

*நீளம் ஏன் திடீரென்று முக்கியமானது?*

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. நடுத்தரக் குடும்பம் கார் வாங்க ஆரம்பித்தது. அதற்கும் இரும்புத் தகட்டுச் சக்கரம்தான். பிறகு அலாய் வீல் ஆசை வந்தது. அலுமினியக் கலவையில் வார்ப்பதால், ஸ்டட் நுழையும் இடத்தில் தகட்டைவிட இரண்டு மூன்று மடங்கு தடிமன் இருக்கும். அடுத்து ஸ்பேசர் வந்தது. சக்கரம் வெளியே தள்ளி அகலமாகத் தெரிய வேண்டும் என்று டிரம்முக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைக்கும் வட்டத் தட்டு அது.

சக்கரம் தடித்தது, நடுவில் ஒரு தட்டும் வந்தது. ஸ்டட் மட்டும் கம்பெனியில் போட்ட அதே நீளத்தில் நிற்கிறது. இங்கேதான் ஆபத்து. முன்பு சொன்ன கடையாணியை நினைத்துப் பாருங்கள். அதை வெளியே பார்க்க முடியும். நட்டுக்குள் ஸ்டட் எத்தனை மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்க்கவே முடியாது. நான்கு சுற்றுப் பிடித்த நட்டும் பத்துச் சுற்றுப் பிடித்த நட்டும் வெளியே ஒரே மாதிரிதான் பளபளக்கும்.

*எங்கள் வீட்டில் நடந்தது*

என் நாத்தனார் மகன் பழைய கார் ஒன்றை வாங்கினான். அலாய் வீல், ஸ்பேசர் எல்லாம் முன்பு வைத்திருந்தவர் எங்கோ மாட்டியது. போன கோடையில் குடும்பத்தோடு ஏற்காடு போய்விட்டு, மெயின் ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் கூட்டமாக இருக்கும் என்று கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர் ரோட்டில் இறங்கினான். பின் சீட்டில் இரண்டு குழந்தைகள்.

பாதி வழியில் முன்பக்கத்திலிருந்து "கட கட" என்று சத்தம். ஸ்டியரிங் நடுங்கியது. நல்ல வேளை, ஓரமாக நிறுத்திவிட்டான். பார்த்தால், வலது முன்சக்கரத்தில் நான்கு நட்டுகளில் ஒன்றைக் காணோம். இன்னொன்று கையாலேயே சுழன்றது. "அத்தை, இன்னும் ரெண்டு வளைவு இறங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இன்னும் தூக்கம் வரமாட்டேங்குது" என்று போனில் சொன்னான்.

அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவன் மீதி நட்டு ஒன்றைக் கையால் கழற்றிக்கொண்டே சத்தமாக எண்ணினான். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு…" ஐந்து வருவதற்குள் நட்டு கையில் வந்துவிட்டது. என்னைப் பார்த்து, "டீச்சர், நீங்கதானே ஒண்ணாங்கிளாஸ்ல விரல் விட்டு எண்ணச் சொன்னீங்க. இந்த வேலைக்கு அது போதும்" என்றான். அவன் சொல்லித் தந்த கணக்கைத்தான் கீழே எழுதுகிறேன்.

*கணக்கு*

விதி ஒன்றே ஒன்று. ஸ்டட் எவ்வளவு தடிமனோ, குறைந்தது அவ்வளவு நீளமாவது நட்டுக்குள் மரையோடு மரை பிடித்திருக்க வேண்டும். 12 மில்லி ஸ்டட் என்றால் 12 மில்லி பிடிக்க வேண்டும்.

இதைச் சுற்றாக மாற்றலாம். ஒரு சுற்றுக்கு நட்டு எவ்வளவு முன்னேறுகிறது என்பதைப் பிட்ச் என்பார்கள்.

12 மில்லி, 1.5 பிட்ச் (டொயோட்டா, ஹோண்டா): 12-ஐ 1.5-ஆல் வகுத்தால் 8 சுற்று.
12 மில்லி, 1.25 பிட்ச் (சுசுகி, நிசான்): 9.6, அதாவது 10 சுற்று.
14 மில்லி, 1.5 பிட்ச் (பெரிய வண்டிகள் பல): 9.3, அதாவது ஒன்பதரைச் சுற்று.
அரை இஞ்ச், இஞ்சுக்கு 20 மரை (பழைய ஜீப் வகை): 10 சுற்று.

இப்போது நாத்தனார் மகன் வண்டிக் கணக்கு. டிஸ்க் முகத்திலிருந்து ஸ்டட் வெளியே நீட்டியிருந்தது 26 மில்லி. நுனியில் மரை இல்லாத கூம்பு 2 மில்லி. அது கணக்கில் சேராது. மீதி 24.

இரும்புச் சக்கரம் 5 மில்லி என்றால், மீதி 19. தாராளம்.
அலாய் சக்கரம் 10 மில்லி என்றால், மீதி 14. போதும்.
அலாயோடு 8 மில்லி ஸ்பேசர் என்றால், மீதி 6. அதை 1.25-ஆல் வகுத்தால் 4.8 சுற்று.

ஐந்துகூட வராத காரணம் புரிகிறதா? மாட்டிக் கொடுத்தவர் இந்தக் கழித்தல் கணக்கைப் போடவே இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு இது.

தீர்வும் சுலபம்தான். ஸ்பேசர் எவ்வளவு தடிமனோ அவ்வளவு நீளம் கூடுதலான ஸ்டட் போட வேண்டும். 26-க்குப் பதில் 34. அல்லது ஸ்பேசரையே தூக்கிப் போட வேண்டும். அவன் இரண்டாவதைச் செய்தான். எனக்கும் அதுதான் பிடித்தது. நட்டின் கூம்பு சக்கரத் துளைக்குள் கொஞ்சம் இறங்கி உட்காரும் என்பதால் அளந்து போடும் கணக்கில் சிறு வித்தியாசம் வரலாம். அதனால் கடைசித் தீர்ப்பு கையால் எண்ணும் சுற்றுக்குத்தான்.

*அப்படியானால் ரொம்ப நீளமாகப் போட்டுவிடலாமா?*

கூடாது. நீளம் கூடக்கூடப் பலம் கூடும் என்று நினைப்பது தவறு. இறுக்கிய நட்டில் முதல் சுற்று மரை மட்டுமே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குச் சுமையைத் தாங்குகிறது. அடுத்தடுத்த சுற்றுகளுக்குப் பங்கு குறைந்துகொண்டே போகும். தேவையான சுற்று வந்த பிறகு, அதற்கு மேல் நீட்டுவதால் பெரிய லாபம் இல்லை.

நஷ்டம் உண்டு. வாய் மூடிய நட்டு, அதாவது தொப்பி நட்டு போட்டிருந்தால், நீளமான ஸ்டட்டின் நுனி தொப்பியின் உள்முகட்டில் போய் முட்டிக்கொள்ளும். ஸ்பேனருக்கு நன்றாக இறுகிய மாதிரி தெரியும். டார்க் ரெஞ்ச்கூட "டக்" என்று சொல்லிவிடும். ஆனால் சக்கரம் இறுகியிருக்காது. குட்டை ஸ்டட்டைப் போலவே இதுவும் ஏமாற்றும்.

சில ஸ்பேசர்களில் தனியாக ஸ்டட் இருக்கும். அதில் வண்டியின் பழைய ஸ்டட் நுனி ஸ்பேசரைத் தாண்டி எட்டிப் பார்த்தால் சக்கரம் சமமாக உட்காராது. ஃபோக்ஸ்வேகன் போன்ற வண்டிகளில் ஸ்டட்டே கிடையாது. போல்ட்டைத்தான் ஹப்புக்குள் முறுக்குவார்கள். அதில் நீளம் கூடினால் போல்ட்டின் நுனி உள்ளே பிரேக் பாகங்களில் உரசும்.

*இறுக்கம் என்ன செய்கிறது?*

சக்கரம் ஸ்டட்டின்மேல் தொங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில், இறுக்கும்போது ஸ்டட் ரப்பரைப் போல மிக மிகக் கொஞ்சம் நீளும். நீண்டது திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்புதான் சக்கரத்தை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கிறது. 12 மில்லி ஸ்டட்டை 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் ஒவ்வொன்றும் தோராயமாக 4 டன் விசையோடு அழுத்தும். பிடித்திருக்கும் சுற்று குறைவாக இருந்தால் இந்த இழுப்பை மரை தாங்காது. பல் பல்லாக உரிந்துவிடும்.

மலையில் இறங்கும்போது பிரேக் சூடாகிறது, வளைவில் பக்கவாட்டுத் தள்ளல் கூடுகிறது. சமதரையில் ஆறு மாதம் தாங்கிய அரைகுறைப் பிடி ஒரே இறக்கத்தில் விட்டுவிடலாம். மெயின் ரோட்டில் மண் சரிந்தால் போக்குவரத்தைக் குப்பனூர் வழியாகத்தான் திருப்பிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் உங்கள் சக்கரம் கழன்று ஓடினால், ஆபத்து உங்களோடு நிற்காது. கீழே நடந்து போகிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும்தான்.

*செய்ய வேண்டியவை*

1. ஜாக்கி போட்டு, சக்கரத்துக்கு ஒரு நட்டையாவது கையால் கழற்றிச் சுற்றை எண்ணுங்கள். மேலே சொன்ன கணக்குக்குக் குறைந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

2. புது ஸ்டட் வாங்கும்போது நீளம் மட்டும் சொன்னால் போதாது. தடிமன், பிட்ச், தலைக்குக் கீழே ஹப்பில் கவ்வும் வரிப்பகுதியின் விட்டம் மூன்றையும் சொல்லுங்கள். பழைய ஸ்டட்டையே கையில் கொண்டுபோவது இன்னும் நல்லது. வரிப்பகுதி சிறுத்திருந்தால் ஸ்டட் ஹப்பில் சும்மா சுற்றும். பெருத்திருந்தால் ஹப் விரியும்.

3. ஒன்று உடைந்திருந்தால் அதன் பக்கத்தில் உள்ளவற்றையும் பாருங்கள். பாரத்தை அவைதான் சுமந்திருக்கும்.

4. சக்கரமும் டிஸ்க்கும் சேரும் முகத்தில் துரு, தடித்த பெயின்ட் இருந்தால் சுரண்டி எடுங்கள். அது நசுங்கினால் இறுக்கம் போய்விடும்.

5. எதிரெதிராக, நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். எவ்வளவு இறுக்குவது என்று வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். சக்கரம் மாற்றிய 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.

6. "நாங்க எத்தனையோ வண்டிக்கு மாட்டியிருக்கோம், ஒண்ணும் ஆகலை" என்று சொல்லும் கடையில், "எத்தனை சுற்று பிடிக்குது?" என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் வண்டியைக் கொடுங்கள்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடி வைத்த காலத்தில் இந்த மலைக்கு மோட்டார் ரோடு ஏது? இன்று அரை நாளில் ஏறி இறங்கி வருகிறோம். இந்த வசதியெல்லாம் விரல் அளவு எஃகுத் துண்டுகளை நம்பித்தான் இருக்கிறது.

என்னிடம் படித்து ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் வரும் அலாய் வீல் வண்டிகளில் ஒரு நட்டை எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள். அதற்குக் காசு வாங்காதீர்கள். எத்தனை வண்டியில் குறைவாக இருந்தது என்று கீழே எழுதுங்கள். எல்லோருக்கும் பயன்படும்.

பள்ளி விடுமுறைக்குக் குழந்தைகளோடு மலைக்கு வருகிறவர்கள், கிளம்புவதற்கு முந்தைய நாளே எண்ணிவிட்டு வாருங்கள். அப்படியே நம் வீட்டுக்கும் வந்து ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போங்கள்.

வாழ்க வளமுடன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், குப்பனூர்.